பக்கத்துக் கலத்துக்குப் போன சேதி: இன்ரர்பெரோன் கண்டுபிடிக்கப்பட்ட கதை

வைரஸ் காய்ச்சல் வந்தால் முதல் நாளே உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். தலையிடி, குளிர், சாப்பாட்டில் வெறுப்பு, எழும்பி நடக்கவே மனமில்லாத அலுப்பு. இதையெல்லாம் யார் செய்யினம் எண்டு கேட்டால் வைரஸ்தான் எண்டு யோசிக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் ஒரு பழைய மருத்துவ அவதானிப்பு இந்தப் பதிலைக் கொஞ்சம் குழப்புகிறது. 1970களிலும் 80களிலும் சில புற்றுநோயாளருக்கு ஒரு புரதத்தை ஊசியாக ஏற்றினார்கள். அந்த ஊசியில் வைரஸ் எதுவும் இல்லை. ஆனாலும் சில மணித்தியாலங்களில் அவர்களுக்குக் காய்ச்சல் அடித்தது, குளிர் நடுக்கியது, தசை நொந்தது. அச்சொட்டாக இன்புளுவென்சா வந்த ஆளின் நிலைமை.

அந்தப் புரதத்தின் பெயர் இன்ரர்பெரோன். அதை எங்கள் உடம்பே செய்கிறது. வைரஸ் நுழைந்த ஒரு கலம் தன் பக்கத்துக் கலங்களுக்கு அனுப்புகிற எச்சரிக்கை அது. நாங்கள் ‘நோய்’ எண்டு சொல்கிற உபாதையில் ஒரு பெரிய பங்கு, உண்மையில் எங்கள் கலங்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் அந்தச் சேதியின் விளைவு.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு, நிர்ப்பீடனம் பற்றிய பாடத்தில் இந்தப் பெயர் ஒரு வரியில் கடந்து போயிருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நம்பாமல் சிரித்தவர்கள் இருக்கிறார்கள், வாசிக்கப்படாமல் போன கட்டுரை ஒன்று இருக்கிறது, அளவுக்கு மிஞ்சிப் பெருக்கப்பட்ட நம்பிக்கையும் இருக்கிறது. ஒரு கலம் நெருக்கடிக்குள் என்ன செய்யும் எண்ட கேள்விக்குக் கிடைத்த விசித்திரமான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கிறோம்.

ஒரு வைரஸ் இன்னொன்றை மறித்தல்

கதை இன்ரர்பெரோனுக்கு முன்பே தொடங்குகிறது. ஒரு வைரஸ் தொற்றிய விலங்கில் இன்னொரு வைரஸ் சரியாகப் பிடிபடுவதில்லை எண்டதை 1930களில் சிலர் கவனித்தார்கள். 1937இல் லண்டனில் பின்ட்லேயும் மக்கலமும் குரங்குகளில் இதைக் காட்டினார்கள். ரிஃப்ற் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வைரஸ் ஏற்றப்பட்ட குரங்குகள், கொல்லக்கூடிய மஞ்சட்காய்ச்சல் வைரசிலிருந்து தப்பின. இரண்டும் உறவில்லாத வைரஸ்கள். ஆகவே ஒன்றுக்கு உருவான பிறபொருளெதிரி மற்றதைத் தடுத்தது எண்டு சொல்ல முடியாது. இந்த நிகழ்வுக்கு ‘வைரஸ் குறுக்கீடு’ எண்டு பெயர் வந்தது.

1940களில் அமெரிக்காவில் ஹென்லே தம்பதியர் இன்னும் ஒரு படி போனார்கள். செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசைக் கோழி முட்டைக்குள் ஏற்றினாலும் பின்னால் வருகிற உயிருள்ள வைரஸ் வளராமல் போவதை அவர்கள் கண்டார்கள். செத்த வைரஸ் உயிருள்ள வைரசை எப்படித் தடுக்கும்?

அப்போது கையில் இருந்த விளக்கங்கள் எல்லாம் வைரசை மையமாக வைத்தவை. பஸ்சில் முதல் ஏறினவர் சீற்றைப் பிடிச்ச மாதிரி, முதல் வந்த வைரஸ் கலத்தின் வாசலை அடைத்துக்கொள்கிறது எண்டு சிலர் நினைத்தார்கள். கலத்துக்குள் இருக்கிற ஏதோ ஒரு மூலப்பொருளை முதல் வைரஸ் தீர்த்துவிடுகிறது எண்டு வேறு சிலர் நினைத்தார்கள். இரண்டு விளக்கத்திலும் கலம் சும்மா ஒரு வீடு. யார் வந்தாலும் வாய் திறக்காத வீடு. கலமே ஏதாவது செய்யுமா எண்ட கேள்வி பெரிதாக எழும்பவில்லை.

மில் ஹில், 1956

லண்டனின் வடக்கே மில் ஹில் எண்ட இடத்தில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருந்தது. உலக இன்புளுவென்சா மையமும் அங்கேதான். அதைக் கவனித்தவர் அலிக் ஐசக்ஸ். 1921இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர், அவுஸ்திரேலியாவில் பேர்னெற்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். 1956இல் ஒரு வருடப் புலமைப்பரிசிலில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்தவர் ஜோன் லிண்டன்மான். இருவருக்கும் குறுக்கீடு பற்றிய அதே குறுகுறுப்பு இருந்தது.

அவர்கள் செய்த பரிசோதனையைக் கேட்டால், இவ்வளவுதானா எண்டு தோன்றும். அடைகாத்த கோழி முட்டைக்குள் முளையத்தைச் சுற்றி இருக்கிற மெல்லிய சவ்வைச் சிறு துண்டுகளாக எடுத்தார்கள். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த இன்புளுவென்சா வைரசுடன் அந்தத் துண்டுகளைக் குழாயில் போட்டு வைத்தார்கள். பிறகு வைரசைக் கழுவி அகற்றிவிட்டு, துண்டுகளைப் புதுத் திரவத்தில் மீண்டும் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சவ்வை எறிந்துவிட்டு அந்தத் திரவத்தை மட்டும் எடுத்தார்கள். அதில் வைரசையே காணாத புதிய சவ்வுத் துண்டுகளை ஊற வைத்து, பின் உயிருள்ள வைரசைச் சேர்த்தார்கள்.

வைரஸ் வளரவில்லை.

அப்படியெண்டால் முதல் சவ்வு ஏதோ ஒன்றைத் திரவத்துக்குள் விட்டிருக்கிறது. மிச்சம் கிடந்த பழைய வைரசாக அது இருக்கலாம் எண்டதுதான் முதல் சந்தேகம். அதைத் தீர்க்கவும் சோதனைகள் செய்தார்கள். இன்புளுவென்சாவுக்கு எதிரான பிறபொருளெதிரியைச் சேர்த்துப் பார்த்தார்கள். தடுக்கும் வல்லமை போகவில்லை. வைரசை அடியில் படிய வைக்கிற வேகத்தில் மையநீக்கியில் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் பொருள் படியாமல் மேலேயே நின்றது. எனவே அது வைரஸ் இல்லை, வைரசைவிடச் சிறியது, கலம் செய்தது. குறுக்கீடு எண்ட ஆங்கிலச் சொல்லை வைத்தே ‘இன்ரர்பெரோன்’ எண்டு பெயர் போட்டார்கள். 1957இல் லண்டன் ரோயல் சொசைற்றியின் ஆய்வேட்டில் கட்டுரை வெளிவந்தது. ஆசியக் காய்ச்சல் எண்டு அழைக்கப்பட்ட இன்புளுவென்சா உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்ததும் அதே வருடந்தான்.

இதில் பெரிய மாற்றம் கோணத்தில் நடந்தது. இரண்டு வைரஸ்களுக்கு இடையிலான போட்டி எண்டு இருபது வருடமாகப் பார்க்கப்பட்ட ஒன்றில், கலம் பேசத் தொடங்கியது. தொற்றிய கலம் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறதோ இல்லையோ, தொற்றாத கலத்துக்குச் சேதி போகிறது.

ரோக்கியோவில் எழுதப்பட்டதும் வாசிக்கப்படாததும்

இங்கே கதையை நிறுத்தி, மூன்று வருடம் பின்னால் போக வேண்டும். 1954இல் ரோக்கியோவில் யசுயிச்சி நகானோவும் யசுஹிக்கோ கொஜிமாவும் முயலின் தோலில் பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பாவிக்கிற வக்சினியா வைரசை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஊதாக்கடந்த கதிரால் செயலிழக்கச் செய்த வைரசை ஏற்றிய இழையத்தை அரைத்து, அதிலிருந்து வைரசை அகற்றிவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சிய சாறு தோலைப் பாதுகாத்தது. அவர்கள் அதை ‘தடுக்கும் காரணி’ எண்டு சொன்னார்கள். பிரெஞ்சு மொழியில் எழுதி, பிரெஞ்சு ஆய்வேடு ஒன்றில் வெளியிட்டார்கள்.

லண்டனிலும் அமெரிக்காவிலும் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. இன்றைக்கு வரலாற்றுக் கட்டுரைகளில் நகானோவின் பெயர் வருகிறது. ஆனால் பெரும்பாலும் ‘இவரும் கண்டார்’ எண்ட ஒரு பின்குறிப்பாகத்தான் வருகிறது.

இதை நேரடியாக ‘களவு’ எண்டோ ‘சதி’ எண்டோ சொல்ல எங்களுக்கு மனமில்லை. அப்படி நடந்ததுக்குச் சான்றும் இல்லை. ஐசக்சும் லிண்டன்மானும் தங்கள் பாதையில் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். பரிசோதனையும் அவர்களுடையது தெளிவாக இருந்தது: விலங்குக்கு வெளியே, குழாயில், எளிதாக எவரும் திருப்பிச் செய்து பார்க்கக்கூடியதாக. முயலின் தோலிலிருந்து எடுத்த சாற்றில் வேறு என்னென்ன கலந்திருக்கும் எண்டு கேட்க இடமிருந்தது. அதோடு ஒரு நல்ல பெயரும் வேலை செய்தது. ‘தடுக்கும் காரணி’ எண்டு எத்தனையோ பொருளைச் சொல்லலாம், ‘இன்ரர்பெரோன்’ எண்டால் ஒன்றைத்தான் சொல்கிறது.

ஆனாலும் மொழி ஒரு காரணமாக இருந்ததை மறைக்க ஏலாது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு விஞ்ஞானத்தின் பொதுமொழி ஆங்கிலமாகக் குவிந்துகொண்டிருந்த காலம் அது. ரோக்கியோவில் இருந்துகொண்டு பிரெஞ்சில் எழுதியவர் இரண்டு தரம் வெளியே நின்றார். தமிழில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியிருக்கிற எங்களுக்கு இந்தக் கதையின் கனம் கொஞ்சம் கூடவே விளங்கும். ஒரு அறிவு எழுதப்பட்டால் போதாது. அது எந்த மொழியில், எந்த மேசையில் கிடக்கிறது எண்டதும் அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

சிரித்தவர்கள்

லண்டன் கட்டுரையையும் எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. பிழையாக விளங்கிக்கொள்ளல் எண்ட ஆங்கிலச் சொல்லை வளைத்து ‘மிஸ்இன்ரர்பிரெரோன்’ எண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் பகிடி பண்ணினார்கள். இதற்கு நியாயமான காரணமும் இருந்தது. இன்ரர்பெரோன் மிக மிகச் சிறிய அளவிலேயே உருவாகும், அந்தச் சிறிய அளவே வேலையும் செய்யும். ஆகவே யாராலும் அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து ‘இதோ’ எண்டு காட்ட முடியவில்லை. கையில் இருந்தது ஒரு விளைவு மட்டும்: இந்தத் திரவத்தைப் போட்டால் வைரஸ் வளராது. இன்னொரு சிக்கலும் இருந்தது. கோழியின் இன்ரர்பெரோன் கோழிக் கலங்களில்தான் நன்றாக வேலை செய்தது. மனிதனுக்கு வேண்டுமெண்டால் மனிதக் கலங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அறிவியல் வட்டாரம் சந்தேகித்துக்கொண்டிருக்க, பத்திரிகைகள் ‘வைரசுக்குப் பென்சிலின்’ கிடைத்துவிட்டதாகக் கொண்டாடின. 1960இல் ‘ஃபிளாஷ் கோர்டன்’ எண்ட விண்வெளிச் சித்திரக்கதையில் இன்ரர்பெரோன் விண்வெளி வீரர்களை வைரசிலிருந்து காப்பாற்றியது. ஆய்வுகூடத்தில் ஒரு துளியைத் தூய்மைப்படுத்த முடியாமல் இருந்த பொருள், சித்திரக்கதையில் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்தது.

ஐசக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டுப்பட்டார். அந்த வருடங்களில் அவர் மன அழுத்த நோயாலும் துன்பப்பட்டார். பகிடிதான் அவரை நோயாளியாக்கியது எண்டு சுருக்கிச் சொல்வது பிழை. மனநோய்க்கு அப்படி ஒற்றைக் காரணம் தேடுகிற பழக்கம் எங்கள் சமூகத்திலும் தாராளமாக இருக்கிறது. 1967 சனவரியில், 45 வயதில், மூளைக் குருதிக்கசிவால் அவர் இறந்தார். இன்ரர்பெரோன் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது 1970களின் இறுதியில். தான் பெயர் வைத்த பொருளை அவர் ஒருநாளும் தூய்மையாகக் காணவில்லை. இந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைக்கவில்லை.

லிண்டன்மான் சூரிச்சுக்குத் திரும்பி நீண்ட காலம் வாழ்ந்து 2015இல் இறந்தார். 1960களின் தொடக்கத்தில், இன்புளுவென்சா வைரஸ் கொடுத்தாலும் சாகாத ஒரு வகை எலி இனத்தை அவர் கண்டார். அந்த எலிகளைக் காப்பாற்றிய பரம்பரையலகு இன்ரர்பெரோன் வந்து தட்டினால்தான் விழித்துக்கொள்ளும் எண்டு பல வருடம் கழித்துத் தெரிய வந்தது. அவர் விட்டுவிட்டு வந்த கேள்வி வேறு வாசலால் அவரைத் தேடி வந்த மாதிரி.

படத்தின் மேல் வளர்ந்த பூஞ்சணம்

சரி, வைரஸ் வந்திருக்கு எண்டு கலம் எப்படி அறிகிறது? இந்தக் கேள்விக்கான பதில் வந்த வழி சுவாரசியமானது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பசுபிக்கின் குவாம் தீவில் ரிச்சட் ஷோப் எண்ட அமெரிக்க ஆய்வாளர் இருந்தார். தன் மனைவி ஹெலனின் படத்தை மூடியிருந்த உறையில் ஒரு பூஞ்சணம் வளர்ந்திருப்பதைக் கண்டு, அதை எடுத்து வளர்த்துப் பார்த்தார். அதன் சாறு எலிகளைச் சில வைரஸ்களிலிருந்து காத்தது. மனைவியின் பெயரையே வைத்து ‘ஹெலனின்’ எண்டார். அது எப்படி வேலை செய்கிறது எண்டு அப்போது யாருக்கும் விளங்கவில்லை.

1967இல் மேர்க் நிறுவனத்தில் மொரிஸ் ஹில்மனின் குழு அந்தப் புதிரை அவிழ்த்தது. ஹெலனினில் இருந்த செயற்பொருள் இரட்டை இழை ஆர்என்ஏ. அது உடம்பை இன்ரர்பெரோன் செய்ய வைத்தது. அந்த ஆர்என்ஏ பூஞ்சணத்தினுடையதே இல்லை, பூஞ்சணத்தைத் தொற்றியிருந்த ஒரு வைரசினுடையது எண்டு அடுத்த வருடமே காட்டப்பட்டது.

இதன் பொருள் என்ன? எங்கள் கலங்களில் ஆர்என்ஏ பெரும்பாலும் ஒற்றை இழையாகத்தான் இருக்கும். பல வைரஸ்கள் தங்களைப் பிரதி எடுக்கும்போது நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகிறது. ஆகவே கலம் ஒவ்வொரு வைரசையும் பெயர் சொல்லி அடையாளம் காணத் தேவையில்லை. இருக்கக்கூடாத ஒரு வடிவம் வீட்டுக்குள் இருக்கிறது எண்டு கண்டாலே போதும். அந்த வடிவத்தைத் தொட்டு உணர்கிற புரதங்களில் ஒன்றான ரிக்-ஐ, 2004இல் யப்பானில் பியூஜிற்றாவின் குழுவால் அடையாளம் காணப்பட்டது. ஹெலனின் படத்திலிருந்து அங்கே வந்து சேர அறுபது வருடமளவில் பிடித்தது.

கடையைப் பூட்டுதல்

இனி மற்றக் கேள்வி. சேதி கிடைத்த பக்கத்துக் கலம் என்ன செய்கிறது?

1971இல் எலி எரன்பெல்டும் ரிம் ஹன்ற்றும் முயலின் இளம் செங்குழியங்களைப் பிழிந்தெடுத்த சாற்றில் ஒரு பரிசோதனை செய்தார்கள். அந்தச் சாறு குழாய்க்குள்ளேயே புரதம் செய்யும். அதில் போலியோ வைரசின் இரட்டை இழை ஆர்என்ஏயை மிகச் சிறிய அளவில் சேர்த்தபோது, புரத உற்பத்தி கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. 1974இல் மில் ஹில்லில், இன்ரர்பெரோன் பிறந்த அதே நிலையத்தில், இயன் கேரும் கூட்டாளிகளும் இன்ரர்பெரோன் பட்ட கலங்களின் சாறு இந்த ஆர்என்ஏக்கு இன்னும் கூடிய கூச்சம் காட்டுவதைக் கண்டார்கள்.

இரண்டையும் சேர்த்தால் படம் தெளிவாகும். இன்ரர்பெரோன் நேரடியாக வைரசைத் தொடுவதே இல்லை. அது பக்கத்துக் கலத்தைத் தயார் நிலையில் வைக்கிறது. ‘பிகேஆர்’ எண்ட நொதியம் போன்ற காவற்காரர்களைக் கலம் முன்கூட்டியே அதிகமாகச் செய்து வைக்கிறது. பிறகு வைரஸ் உண்மையாகவே நுழைந்து இரட்டை இழை ஆர்என்ஏ தென்பட்டால், பிகேஆர் விழித்துக்கொண்டு, புரத உற்பத்தியைத் தொடக்கி வைக்கிற ஒரு காரணியில் பொசுபேற்றை ஒட்டிவிடும். அதோடு உற்பத்தி பெருமளவில் நிற்கும். கேர் 1978இல் விபரித்த இன்னொரு வழியில், ஒரு சிறு மூலக்கூறு உருவாகி, ஆர்என்ஏயை வெட்டுகிற நொதியத்தை அவிழ்த்து விடும். அந்த வெட்டில் வைரசின் ஆர்என்ஏயும் போகும், கலத்தின் சொந்த ஆர்என்ஏயும் போகும்.

ஏன் இப்படித் தன் கையையே வெட்டிக்கொள்ள வேணும்? வைரசிடம் சொந்தமாக இறைபோசோம் கிடையாது. புரதம் செய்ய அது கலத்தின் இறைபோசோம்களைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே தெரு முழுக்கக் கலவரம் எண்டால் கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டுவது மாதிரி, கலம் தன் உற்பத்தியைப் பூட்டுகிறது. கள்ளனுக்கும் சாமான் இல்லை, வீட்டுக்காரருக்கும் வியாபாரம் இல்லை. பூட்டு நீண்டால் கலமே செத்துப்போகும். பல வேளைகளில் அதுவும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்: பிரதி எடுத்து முடிக்கும் முன் கலம் செத்தால் வைரஸ் அடுத்த வீட்டுக்குப் போக வழியில்லை.

இன்னும் சுவாரசியமானது, இந்தப் பூட்டு வைரசுக்கென்று மட்டும் செய்யப்பட்டதில்லை. பிகேஆர் தொடுகிற அதே காரணியை வேறு மூன்று நொதியங்களும் தொடுகின்றன. ஒன்று அமினோ அமிலம் பற்றாமல் கலம் பட்டினி கிடக்கும்போது விழிக்கும். ஒன்று சரியாக மடியாத புரதங்கள் குவியும்போது. மற்றது, செங்குழியத்துக்குள் ஈமோகுளோபின் செய்யத் தேவையான ஈம் குறையும்போது. பட்டினி, குப்பை, பற்றாக்குறை, வைரஸ் ஆகிய நான்கு துன்பத்துக்கும் ஒரே ஆளி. இதை இன்றைக்கு ‘ஒருங்கிணைந்த தகைப்புத் தூண்டற்பேறு’ எண்டு சொல்லலாம்.

தகைப்பு எண்ட விசயமே கலவுயிரியலுக்குள் வந்தது ஒரு தற்செயலால். 1960களின் தொடக்கத்தில் இத்தாலியில் பெருச்சியோ றித்தோசா பழ ஈக்களின் நிறமூர்த்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அடைகாப்புப் பெட்டியின் வெப்பநிலையைக் கூட்டிவிட்டிருந்தார்கள். வழமையில்லாத இடங்களில் நிறமூர்த்தங்கள் புடைத்திருந்தன. சூடுபட்ட கலம் சில பரம்பரையலகுகளை அவசரமாகத் திறந்திருந்தது. 1962இல் அவர் வெளியிட்ட அந்த அவதானிப்பைப் பல வருடங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஈக்குச் சூடு பட்டால் எங்களுக்கு என்ன எண்டு இருந்திருக்கும். பிறகுதான் தெரிந்தது, அநேகமாக எல்லா உயிர்களும் சூட்டுக்கு இப்படி ஒரு பதிலை வைத்திருக்கின்றன எண்டு.

இரண்டு மில்லியன் டொலரும் ஒரு அட்டைப்படமும்

ஐசக்சுக்குப் பிறகு இன்ரர்பெரோனைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் முக்கியமானவர் பின்லாந்தின் காரி கன்ரெல். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மக்கள் தானம் செய்த குருதியில் மிஞ்சும் வெண்குழியங்களை எடுத்து, அவற்றில் செண்டாய் எண்ட வைரசைத் தொற்ற வைத்து, ஹெல்சிங்கியில் அவர் இன்ரர்பெரோன் செய்தார். 1970களில் உலகம் முழுக்க நோயாளரில் சோதிக்கப்பட்ட இன்ரர்பெரோனில் பெரும்பகுதி அவருடையது. அதில் உண்மையான இன்ரர்பெரோன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, மிச்சமெல்லாம் வேறு புரதங்கள்.

அதற்கே அடிபாடு. சில புற்றுநோயாளரில் கட்டி சுருங்கியதாகச் செய்தி வந்தது. 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இரண்டு மில்லியன் டொலரை ஒதுக்கியது. 1980 சனவரியில் சார்ள்ஸ் வைஸ்மானின் சூரிச் குழு மனித இன்ரர்பெரோனின் பரம்பரையலகைப் பற்றீரியாவுக்குள் ஏற்றி இன்ரர்பெரோன் செய்துவிட்டதாக அறிவித்தது. அந்தக் கட்டுரையில் கன்ரெல்லும் ஒருவர். யப்பானில் தனிகுச்சியின் குழு இன்னொரு வகை இன்ரர்பெரோனின் பரம்பரையலகைப் பிரித்திருந்தது. அதே வருடம் மார்ச்சில் ‘ரைம்’ சஞ்சிகை இன்ரர்பெரோனை அட்டைப்படத்தில் போட்டது.

பற்றீரியா இன்ரர்பெரோனைத் தாராளமாகச் செய்யத் தொடங்கியபோதுதான் உண்மை அளவுக்கு வந்தது. பெரும்பாலான புற்றுநோய்களில் எதிர்பார்த்த அதிசயம் நடக்கவில்லை. கலப்படத்தால் வருகிறது எண்டு பலர் நினைத்த காய்ச்சலும் அலுப்பும் தூய மருந்திலும் வந்தன. நீண்ட நாள் எடுத்தவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. ஆனால் கதை பூச்சியத்திலும் முடியவில்லை. 1986இல் ஒரு அரிதான குருதிப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1993இல் பல்திசு வன்மை எண்ட நரம்பு நோய்க்கு இன்னொரு வகை வந்தது. நேரடி வைரஸ் மருந்துகள் வரும்வரை ஈரல் அழற்சி சி நோயாளரின் சிகிச்சையே பல வருடம் இன்ரர்பெரோனில்தான் நின்றது.

வைரசும் சும்மா இருக்கவில்லை

இவ்வளவு நல்ல பூட்டு இருந்தும் எங்களுக்கு ஏன் வருத்தம் வருகிறது? வைரஸ்களும் இதே பூட்டோடு நீண்ட காலம் வாழ்ந்து பழகியிருக்கின்றன. வக்சினியா வைரஸ் தன் இரட்டை இழை ஆர்என்ஏயைப் போர்த்து மறைக்க ஒரு புரதம் வைத்திருக்கிறது, பிகேஆரை ஏமாற்ற ஒரு போலிக் காரணியும் வைத்திருக்கிறது. இன்புளுவென்சா வைரசிடமும் ஒரு மறைப்புப் புரதம் உண்டு. டெங்கு வைரஸ் வேறு இடத்தில் கை வைக்கும்: இன்ரர்பெரோனின் சேதியைக் கலத்தின் கருவுக்குள் கொண்டுபோகிற ஒரு புரதத்தையே அது அழித்துவிடும். சேதி வாசலுக்கு வரும், உள்ளே போகாது. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளர் பதிவாகினர். அந்த ஒவ்வொரு உடம்புக்குள்ளும் இந்த இழுபறி நடந்திருக்கும்.

2020இல், கொவிட் காலத்தில், ஐசக்சின் கண்டுபிடிப்பு எதிர்பாராத விதமாகத் திரும்பி வந்தது. உயிராபத்தான நிலைக்குப் போன 987 நோயாளரை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, அவர்களில் 101 பேரின் குருதியில் தங்கள் சொந்த இன்ரர்பெரோனையே முடக்குகிற பிறபொருளெதிரிகளைக் கண்டது. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். சேதி அனுப்பப்பட்டது, வழியிலேயே பறிக்கப்பட்டது. இன்ரர்பெரோன் உண்மையா பொய்யா எண்டு 1957இல் தொடங்கிய விவாதத்துக்கு இதைவிடக் கொடுமையான சான்று கிடைத்திருக்க முடியாது. மறுபக்கம், வைரஸ் எதுவும் இல்லாமலே இந்த எச்சரிக்கை ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் எண்டதையும் இப்போது அறிவோம். லூபஸ் எண்ட நோயுள்ள பலரில் இன்ரர்பெரோன் மணி நிற்காமல் ஒலிக்கிறது, உடம்பு தன்னையே அரித்துக்கொள்கிறது.

நிர்ப்பீடனம் பற்றி எழுதுகிறபோது நாங்கள் எல்லோருமே படை, தாக்குதல், எதிரி, அழித்தொழிப்பு எண்ட சொற்களைத்தான் எடுத்துக்கொள்கிறோம். கட்டுரை எழுதும்போது எங்களுக்கும் அவைதான் முதலில் வந்தன. மற்ற எவருக்கும் அவை வெறும் உவமையாக இருக்கலாம், இந்தத் தீவில் வளர்ந்த எங்களுக்கு அப்படியில்லை. இன்ரர்பெரோனின் கதையில் அந்தச் சொற்கள் அரைவாசிதான் பொருந்துகின்றன. தொற்றிய கலம் பல வேளை தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில்லை. அது அயலுக்குச் சொல்லுகிறது. அயல் தன் வேலையைக் குறைத்து, பட்டினி கிடந்து, கதவைப் பூட்டுகிறது. அந்தப் பூட்டுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை எப்போது திறப்பது எண்டதும் பூட்டுவதைப் போலவே முக்கியம்.

காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் எழும்ப ஏலாமல் கிடக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வராது எண்டு தெரியும். பரவாயில்லை. அப்போது தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் படுங்கோ, டெங்குவாக இருக்குமோ எண்டு சந்தேகமெண்டால் குருதிச் சோதனைக்குப் போங்கோ. சுகமான பிறகு, ரோக்கியோவில் பிரெஞ்சில் எழுதிய நகானோவையும், தன் பொருளைக் கண்ணால் காணாமல் போன ஐசக்சையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் போதும்.